கை நனைக்காத விருந்தாளி

1

மெல்பர்னில் என் வீட்டுக் கூரையில் ஒரு வெள்ளை வட்டம் ஒட்டியிருக்கிறது. புகை வந்தால் கத்தும். இந்த ஊர்ச் சட்டப்படி வீட்டுக்கு வீடு அது இருந்தாக வேண்டும். பக்கத்து வீட்டில் அது வருஷம் முழுக்கச் சும்மா கிடக்கிறது. நம் வீட்டில் சும்மா கிடக்குமா? கடுகு வெடித்தால் கத்தும், வரமிளகாய் கருகினால் கத்தும், தோசைக்கல்லில் எண்ணெய் கொஞ்சம் தூக்கலாகிவிட்டால் தெருவையே கூட்டும். உடனே நான் துண்டும் கையுமாக ஸ்டூலில் ஏறி நின்று அதற்கு விசிற வேண்டும். இந்த ஊருக்கு வந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. சாமிக்குக்கூட நான் இத்தனை தடவை சாமரம் வீசியதில்லை.

போன மாதம் என் அண்ணன் வந்திருந்தார். திருத்தங்கல்காரர். விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மன். பேர் காளிராஜன். வந்த மறுநாள் காலை சாம்பாருக்குத் தாளித்தேன். வட்டம் கத்தியது. நான் துண்டைத் தேடித் திரும்புவதற்குள் அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்ப் புல்தரையில் நிறுத்திவிட்டார். என் கையில் கரண்டி. எதிர்வீட்டுக்காரி ஜன்னல் திரையை விலக்கிப் பார்க்கிறாள்.

"அண்ணே, தாளிச்சேன். அம்புட்டுதான்."

"தாளிச்சியோ கீளிச்சியோ, சத்தம் வந்தா வெளிய வந்துரணும். வந்து நின்னுக்கிட்டுத்தான் என்ன ஏதுன்னு கேக்கணும்."

அவர் இருந்த நாளெல்லாம் இதே கூத்துதான். ரசம் வைத்தால் புல்தரை, வடை சுட்டால் புல்தரை. நீங்கள் சிரிக்கலாம். எங்கள் பக்கத்துக்காரர்கள் அவ்வளவு சிரிக்க மாட்டார்கள். பட்டாசுக் கம்பெனியில் ஒவ்வொரு அறைக்கும் நாலு பக்கமும் வாசல் வைத்திருப்பார்கள், காற்றுக்காக அல்ல. வேலைக்குச் சேருகிற அன்றைக்கே சொல்லிவிடுவார்கள்: சத்தம் கேட்டால் ஓடு, செருப்பைத் தேடாதே, சோத்து வாளியை எடுக்கத் திரும்பாதே. திரும்பினவர்கள் பேரெல்லாம் அண்ணனுக்குத் தெரியும். கூட உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் அவர்கள். அதனால் நானும் முணுமுணுத்துக்கொண்டே போய்ப் புல்தரையில் நிற்பேன்.

2

அண்ணன் ஊர் சுற்றிப் பார்க்க வரவில்லை. மாப்பிள்ளை பார்க்க வந்தார்.

என் ஒரே மகள் யாழினி இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், ஆனால் அவள் தமிழில் 'நீங்கள்' என்ற சாமான் கிடையாது. எல்லாரும் 'நீ'தான். 'மாமா, நீ குளிச்சிட்டியா' என்பாள். நான் நாக்கைக் கடித்துக்கொள்வேன், அண்ணன் பூரித்துப்போவார். அந்த யாழினி ஒருநாள் ஒரு பையனைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். பேர் நிரன் என்றதும், நம் பேர் மாதிரி இருக்கிறதே என்று அரை நிமிஷம் சந்தோஷப்பட்டேன். தாய்லாந்துக்காரன். கிழமை நாளில் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், சனி ஞாயிறு அம்மாவின் சாப்பாட்டுக் கடையில் தட்டு எடுக்கிறவன். அப்பா இல்லை. அம்மா பேர் மாலி. கீழே கடை, மேலே வீடு.

நானும் என் வீட்டுக்காரரும் அழுதோம், சண்டை போட்டோம், நாலு நாள் யாழினியோடு பேசாமல் இருந்தோம். பிறகு அந்தப் பையன் வந்து உட்கார்ந்து நான் வைத்த கத்தரிக்காய்க் குழம்பை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டதும் எனக்கு மனசு இளகிவிட்டது. என் வீட்டுக்காரர் மல்லாங்கிணற்றுக்காரர். நன்றாகச் சாப்பிடுகிறவன் கெட்டவனாக இருக்க மாட்டான் என்பது அவர் கட்சி. ஆக, நாங்கள் சரி சொல்லியாயிற்று.

ஆனால் நாங்கள் சொன்னால் ஆயிற்றா? தாய்மாமன் மாலை எடுத்துப் போடாமல் எங்கள் வீட்டில் எந்தப் பெண்ணும் மணவறை ஏறினதில்லை. இதை நான் சொல்லவில்லை, யாழினியே சொன்னாள். ஒவ்வொரு லீவுக்கும் ஊருக்குப் போய் அவர் தோளில் ஏறியே வளர்ந்தவள். "மாமா ஓகே சொல்லலைன்னா நான் பண்ணிக்க மாட்டேன்மா. நிரன்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றாள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"லைன்ல இருக்கீகளாண்ணே?"

"இருக்கேன். தீவாளி சீசன் முடியட்டும். நேர்ல வந்து பாத்துட்டுச் சொல்றேன்."

வந்த கதை தனி. விசாவுக்கு என்ன தொழில் என்று கேட்டால், தயவுசெய்து 'வெடி போடுறது' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று தலையால் அடித்துக்கொண்டேன். அதெல்லாம் ஒழுங்காகத்தான் சொன்னார். விமானம் மாறுகிற ஊரில் அவர் பையை ஒரு துணியால் துடைத்து, அந்தத் துணியை ஒரு மிஷினுக்குள் வைத்தார்களாம். மிஷின் கூவிவிட்டதாம். பின்னே? கம்பெனிக்குத் தினமும் கொண்டுபோய் வெடிமருந்து ஒட்டின பையிலேயே துணியைத் திணித்துக்கொண்டு கிளம்பினால்? நாலு பேர் சுற்றி நின்றுகொண்டு கேள்வி மேல் கேள்வி. இவர் போனைத் திறந்து தரைச்சக்கரம், பூச்சட்டி, ஃபேன்சி அயிட்டம் என்று படம் படமாகக் காட்டியிருக்கிறார். கடைசியில் அவர்களுக்குச் சிரிப்பு வந்து விட்டுவிட்டார்கள். இங்கே வந்து இறங்கினால், பால் பண்டம் உள்ளே வரக் கூடாது என்று ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைப் பறித்துக் குப்பையில் போட்டுவிட்டார்கள்.

"எப்பேர்ப்பட்ட ஊரு இது, தனம்! வெடிக்காரனை விட்டுட்டுப் பால்கோவாவைப் புடிச்சு வச்சுக்கிட்டானுக" என்றார். அவ்வளவு கலவரத்திலும் அந்த மிஷின் என்ன விலை, நம் கம்பெனிக்கு ஒன்று வாங்கலாமா என்று விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

3

ஊரில் ஒரு பையனைப் பற்றி விசாரிக்க வேண்டுமானால் கஷ்டமே இல்லை. தெருமுனை டீக்கடையில் ஒரு டீ சொல்லிவிட்டு, 'அந்தப் பச்சை கேட்டு வீட்டுப் பையன் எப்படி?' என்று கேட்டால் போதும். மூன்று தலைமுறைக் கதையும் வடையோடு வந்துவிடும். இங்கே யாரிடம் போய்க் கேட்பது?

அண்ணன் அசரவில்லை. ஒருநாள் மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் டிராம் ஏறிப் போய்விட்டார். மாலி கடைக்குப் பக்கத்தில் ஒரு முடிவெட்டும் கடை இருக்கிறது. முடிவெட்டுகிறவருக்குத் தெரியாதது உலகத்தில் எதுவும் இல்லை என்பது அவர் நம்பிக்கை. உள்ளே போய், பக்கத்துக் கடையைக் கையால் காட்டி, "பாய்... குட்?" என்று கேட்டிருக்கிறார். அவன் 'குட், குட்' என்று நாற்காலியைக் காட்டியிருக்கிறான். மரியாதைக்கு உட்கார்ந்திருக்கிறார்.

சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறந்த எனக்கு யாரோ என்று ஆகிவிட்டது. இரண்டு பக்கமும் ஒட்ட வழித்து, உச்சியில் மட்டும் கொஞ்சம் புல்லை விட்டுவைத்த மாதிரி ஒரு தலை.

"என்னண்ணே இது கோலம்!"

"விசாரிச்சேன்" என்றார்.

"என்ன சொன்னான்?"

"குட்டுன்னான்." கண்ணாடியில் தன் தலையை ஒருதரம் பார்த்துக்கொண்டார். "ஆனா இவன் பேச்சை எப்படி நம்புறது? எனக்கு இதையும் குட்டுன்னுதான சொன்னான்."

யாழினி சிரித்து உருண்டாள். நானும் சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் உதைப்புத்தான். சாதி தெரியாது, சனம் தெரியாது, கேட்டுச் சொல்ல ஒரு ஆள் கிடையாது. இந்த மனுஷன் எதை வைத்துச் சரி சொல்லப் போகிறார்?

4

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாலி எங்கள் எல்லாரையும் கடைக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். விருந்து இருக்கிறதே என்று காலையில் நான் அடுப்பே பற்றவைக்கவில்லை, எல்லாருக்கும் ஒரு காபிதான். டிராமில் போகும்போது அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "தனம், இப்பவே சொல்லிட்டேன். அங்கன நான் கை நனைக்க மாட்டேன்."

எனக்குத் திக்கென்றது. யாழினி, "கையைக் கழுவ மாட்டியா மாமா?" என்று கேட்டாள். விளக்கிச் சொன்னேன். மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனால், சம்பந்தம் பிடித்து, சரி என்று மனசில் முடிவான பிறகுதான் அந்த வீட்டில் சாப்பிடுவது. முடிவாகாமல் ஒரு வாய் சாப்பிட்டாலும் சம்மதம் சொன்னதாக அர்த்தம். சாப்பிட்டுவிட்டு வேண்டாம் என்று சொன்னால் அந்த வீட்டை அவமானப்படுத்தியதாக ஆகிவிடும். யாழினி முகம் சுண்டிப்போய்விட்டது.

"அண்ணே, அது ஹோட்டல்ணே. யார் வேணா போய்ச் சாப்பிடுவாக."

"மேல வீடு, கீள கடை. அப்ப அது மாப்பிள்ளை வீடுதான். பளக்கத்தை மாத்தச் சொல்லாத."

"பாவம்ணே அந்தம்மா, ஆசையாக் கூப்பிட்டிருக்கா."

"அதுக்குத்தான் சொல்றேன். ஆசையாப் போடுறவ சோத்தத் தின்னுட்டு அப்புறமா மாட்டேம்பனா?"

கடை சின்னது. ஏழெட்டு மேஜை, எல்லாம் நிறைந்திருந்தது. பின்பக்கம் சமையல்கட்டு, மறைப்பே கிடையாது, எல்லாம் கண்ணுக்கு முன்னாலேயே நடக்கிறது. அண்ணன் உள்ளே நுழைந்ததும் முதலில் பார்த்தது வாசல் எத்தனை என்றுதான். முன்னால் ஒன்று, சமையல்கட்டு வழியாகப் பின்னால் ஒன்று. "ரெண்டுதானா?" என்று முகத்தைச் சுளித்தார். சமையல்கட்டுக்கு முதுகைக் காட்டி, தெருவாசலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். நிரன் கையைக் குவித்துக் கும்பிட்டான். அண்ணனும் கும்பிட்டார். அதுவரை நல்லபடியாகப் போயிற்று.

மாலி ஐம்பது வயசுக்காரி, குட்டையாக, விறுவிறுவென்று இருப்பாள். தமிழ் தெரியாது, எங்களுக்குத் தாய்லாந்துப் பேச்சு தெரியாது. அவள் நிரனிடம் சொல்ல, நிரன் இங்கிலீஷில் யாழினியிடம் சொல்ல, யாழினி அவள் தமிழில் எங்களிடம் சொல்வாள். வந்து சேருவதற்குள் சோறு ஆறிவிடும். முதலில் அவளே உரலில் இடித்த ஒரு பப்பாளிக்காய்ச் சாலட் வந்தது. அதில் கூனிக் கருவாடு, அதாவது காய்ந்த பொடி இறால். வாசம் மேஜையைச் சுற்றியது. அண்ணன் மூக்கு விடைத்ததை நான் பார்த்தேன். கூனிப்பொடி இருந்தால் இரண்டு தட்டுச் சோறு கூடச் சாப்பிடுகிற மனுஷன். எச்சிலை விழுங்கிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

"மாமா ஏன் சாப்பிடலைன்னு ஆன்ட்டி கேக்குறாங்க" என்றாள் யாழினி.

நான் அவசரத்தில், "மாமாவுக்கு வயிறு சரியில்லைன்னு சொல்லு" என்றேன். அதுதான் நான் செய்த மடத்தனம். வயிறு சரியில்லை என்று கேட்ட மாலி விடுவாளா? ஓடிப் போய் இஞ்சி தட்டிப் போட்ட கஞ்சி கொண்டு வந்து வைத்தாள். அண்ணன் தொடவில்லை. ஏதோ புல்லைக் கொதிக்கவைத்த தண்ணீர் வந்தது. தொடவில்லை. வெறும் சோறும் ஒரு ஆம்லெட்டும் வந்தன. அந்த ஆம்லெட் இருக்கிறதே, ஓரமெல்லாம் மொறுமொறுவென்று பூத்து, பார்க்கவே ஒரு அழகு. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அவர் வயிறு கத்தியது எனக்கே கேட்டது. பச்சைத் தண்ணீர்கூட வாயில் படவில்லை.

என் வீட்டுக்காரர் இந்தச் சங்கடத்தில் எதிலும் கலந்துகொள்ளவில்லை. வந்ததையெல்லாம் ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டு வந்தது. மகனிடம் மெல்ல ஏதோ கேட்டாள். நிரன் தயங்கித் தயங்கி யாழினியிடம் சொன்னான். யாழினி என்னிடம், "எங்க வீட்டுச் சாப்பாடு அவருக்குக் கீழானதான்னு கேக்குறாங்கம்மா" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கு அண்ணன் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. எழுந்து நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்றுகூட இருந்தது. ஆனால் அவரும் பாவம், பிடிவாதத்தில் சந்தோஷமாக உட்கார்ந்திருக்கவில்லை. தலையைக் குனிந்து மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலி விடவில்லை. கடைசி முயற்சியாக, தன் கைப்பக்குவத்தில் பேர் போன அகலப்பட்டை நூடுல்ஸைச் செய்து கொடுப்பது என்று எழுந்து போனாள்.

5

அதைச் செய்கிற விதம் எனக்குத் தெரியும். பெரிய இரும்புச் சட்டியைக் காய்ச்சி, எண்ணெய் விட்டு, நூடுல்ஸைப் போட்டு ஒரு சுண்டு சுண்டித் தூக்கிப் போடுவார்கள். தீ சட்டிக்குள்ளே பாய்ந்து ஆள் உயரத்துக்கு எழும்பி அடங்கும். அந்தக் கருகல் வாசம்தான் ருசி. ஆனால் அண்ணனுக்கு அது தெரியாது. அவருக்கு எதிரே இருந்த தெரு ஜன்னல் கண்ணாடியில், தன் முதுகுக்குப் பின்னால் ஒரு தீ எழும்புவது மட்டும் தெரிந்திருக்கிறது.

"ஓடுங்கலே!"

அந்தக் குரலை நான் என் ஆயுசில் கேட்டதில்லை. கம்பெனியில் அத்தனை அறைக்கும் கேட்கிற குரல். தமிழ் தெரியாத அத்தனை பேருக்கும் புரிந்தது. அண்ணன் யாழினியை ஒரு கையிலும் என்னை ஒரு கையிலும் அள்ளினார். போகிற வழியில் பக்கத்து மேஜைக் குழந்தையையும் அதன் நாற்காலியோடு தூக்கிக்கொண்டார். எப்படித் தூக்கினார் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. மூச்சு விடுவதற்குள் கடையே நடைபாதையில் நின்றது. வெளியே தூறல். ஒருவர் கழுத்தில் துணியைச் செருகியபடி நிற்கிறார். ஒரு அம்மாள் முள்கரண்டியில் இறாலோடு நிற்கிறாள். எல்லாருக்கும் கடைசியாக என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டோடு நிதானமாக வந்தார்.

அண்ணனுக்கு வந்ததே கோபம். "ஏன் மாப்ள, தட்டை எதுக்கு எடுத்தீக? ஓடுறப்ப எதையும் எடுக்கக் கூடாதுன்னு ஒரு இது வேணாமா?"

"இல்ல மச்சான், பாதிதான் சாப்பிட்டிருந்தேன்."

நிரன் மட்டும் வெளியே ஓடி வரவில்லை. அம்மாவைத் தேடி உள்ளே ஓடியிருக்கிறான். அங்கே மாலி ஒரு கையில் சட்டியும் ஒரு கையில் கரண்டியுமாக, இவ்வளவு மோசமாகவா சமைத்துவிட்டோம் என்று காலிக் கடையைப் பார்த்தபடி நின்றாளாம். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். தீயும் இல்லை, புகையும் இல்லை. கடைக்குள் விளக்கு அமைதியாக எரிந்துகொண்டிருந்தது.

அண்ணன் ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். சட்டியைப் பார்த்தார், மாலியைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. அந்த வழித்த தலையோடு, தூறலில், குழந்தை நாற்காலியைக் கையில் பிடித்துக்கொண்டு என் அண்ணன் நின்ற நிலையை என்னால் பார்க்க முடியவில்லை. விஸ்வநத்தத்தில் அவர் ஒரு சொல் சொன்னால் அத்தனை பேரும் கேட்கிறார்கள். இங்கே நடைபாதையில் ஒரு கூட்டம் அவரைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அழுதுவிட்டேன்.

கழுத்தில் துணி செருகிய ஆள் நிரனிடம் கத்தத் தொடங்கினார். யார் இந்தக் கிறுக்கன், இவனை எதற்குக் கடைக்குள் விட்டீர்கள், என் சாப்பாடு ஆறிப்போயிற்று என்று. நிரன் பதறவில்லை. போய் அண்ணனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி இங்கிலீஷில் பேசினான். நடுவில் ஒரே ஒரு தமிழ்ச் சொல் வந்தது: மாமா.

"என்னத்தா சொல்றான்?" என்று அண்ணன் யாழினியைக் கேட்டார்.

யாழினிக்குக் குரல் தடுமாறியது. "இவர் எங்க மாமான்னு சொல்றான். நெருப்போட வேலை பாக்குறவர். நிஜமாவே தீ புடிச்சிருந்தா, உங்க எல்லாரையும் காப்பாத்தியிருப்பார். எல்லாருக்கும் சூடா வேற சாப்பாடு தர்றோம், மாமாவை மட்டும் யாரும் திட்டாதீங்கன்னு சொல்றான்."

கத்தின ஆள் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனார். குழந்தையின் அம்மா வந்து நாற்காலியையும் குழந்தையையும் வாங்கிக்கொண்டு, அண்ணன் கையைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுப் போனாள்.

"எங்க மாமான்னா சொன்னான்?" என்றார் அண்ணன். "யாழினி மாமான்னு சொல்லலையே? நல்லாக் கேட்டியா?"

"எங்க மாமான்னுதான் சொன்னான் மாமா. உனக்கும் கேட்டுச்சுல்ல?"

அண்ணன் முகத்தைத் துடைத்தார். தூறலைத் துடைத்தாரா, வேறு எதையாவது துடைத்தாரா என்று நான் கேட்கவில்லை. பையனை மேலும் கீழும் ஒருதரம் பார்த்தார். பிறகு மாலி பக்கம் திரும்பினார்.

"பசிக்குதுன்னு அந்தம்மாட்ட சொல்லுத்தா."

யாழினி வாயைப் பொத்திக்கொண்டாள். என் வீட்டுக்காரர் தட்டிலிருந்து முதல்முறையாகத் தலையைத் தூக்கினார். சொல் நிரனிடம் போய், நிரனிடமிருந்து மாலியிடம் போய்ச் சேர்ந்தது. அதற்கு எங்கள் வழக்கத்தில் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாது. பசி என்று ஒருவர் வாய் திறந்து கேட்டுவிட்டார், அது போதும் அவளுக்கு. கிட்டத்தட்ட ஓடினாள்.

எல்லாரும் உள்ளே போய் உட்கார்ந்தோம். இந்த முறை அண்ணன் சமையல்கட்டைப் பார்த்து உட்கார்ந்தார். மாலி சட்டியைக் காயவைத்தாள். எண்ணெய் விட்டாள். தீ ஆள் உயரத்துக்கு எழும்பியது. அண்ணன் உடம்பு ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. எழுந்திருக்கவில்லை. மேஜை விளிம்பை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்:

"யாழு, கொஞ்சம் தீயைக் கொறச்சு வைக்கச் சொல்லுத்தா சம்பந்தியம்மாவ."